மூன்று பிரதி, நான்கு ஓட்டை

காசிராஜனின் பங்களாவுக்குள் நுழைகிறவர்கள் முதலில் நாயைக் கும்பிட வேண்டும், பிறகுதான் முதலாளியை. அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. நாய் நிற்கிற இடம் அப்படி. பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, கன்றுக்குட்டி உயரம். அசல் ராஜபாளையம் சாதி. இதன் தாத்தா ஒரு தடவை திருடன் ஒருவனைக் காம்பவுண்டு மூலையில் மடக்கிப் பிடித்ததாம். முதலாளி காசிக்குப் போய்விட்டுத் திரும்பும்வரை இடத்தை விட்டு அசையவில்லை. அதற்குள் அந்தத் திருடனுக்கு அதே விலாசத்தில் ரேஷன் கார்டு வந்துவிட்டது. கார்டைக் கண்ணால் பார்த்தவர்கள் ராஜபாளையத்துச் சம்மந்தபுரத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

ஷெரின் நாயைக் கும்பிட்டாள். அவளுக்கு முன்னால் போன தங்கப்பாண்டியன் கும்பிடவில்லை. அவர் ராணுவப் போலீசில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, பழைய பஸ் ஸ்டாண்டு அருகே பேட்டரிக் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர். ஷெரின் அங்கே அவருக்கு உதவியாள். நாய் அவரை முகர்ந்து பார்த்தது. இந்த ஆளிடம் காவல் காக்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு செய்து விலகிக்கொண்டது.

பின்கட்டில் காசிராஜன் ஒரு கோயம்புத்தூர்க்காரருக்குக் குட்டி விற்றுக்கொண்டிருந்தார். இந்தச் சாதியில் சில குட்டிகள் செவிடாகப் பிறக்கும் என்பது ஊரறிந்த சங்கதி. ஆகவே வாங்குகிறவர்கள் கேட்காவிட்டாலும் விற்கிறவர்கள் ஒரு சோதனை காட்டுவார்கள். காசிராஜன் ஒரு பித்தளைத் தட்டை எடுத்து, பால் குடித்துக்கொண்டிருந்த ஐந்து குட்டிகளுக்குப் பின்னால் தரையில் போட்டார். டணார்! ஐந்தும் திரும்பின. கோயம்புத்தூர்க்காரர் சந்தோஷமாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்.

"அவர் தூக்கிட்டுப் போறது செவிடு," என்று தங்கப்பாண்டியன் ஷெரினின் காதோடு சொன்னார்.

"அதுவும் திரும்புச்சே அண்ணாச்சி."

"தட்டைக் கேட்டுத் திரும்பல. அண்ணன் தம்பி திரும்புனதைப் பாத்துத் திரும்புச்சு. கடைசியா. தனி ரூம்ல கொண்டுபோய்ப் போடச் சொல்லு, தட்டு என்ன, தேரே விழுந்தாலும் பால் குடிச்சுக்கிட்டு இருக்கும்."

காசிராஜன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நாற்காலி காட்டவில்லை.

"என்ன வே, ரகசியம்? என் வீட்டுல என்னைத் தவிர யாரும் ரகசியம் பேசக்கூடாது."

"நாய் நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தோம் சார்," என்றாள் ஷெரின். "எங்க ஆபீஸ்ல இருக்கிற நாற்காலியை விட உயரம்."

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. விஷயத்துக்கு வந்தார். அவர் 'இழை காயின்' என்று ஒன்று தொடங்குகிறார். காயின் என்றால் மடியில் முடிகிற காசு கிடையாது. கம்ப்யூட்டருக்குள் எழுதிவைத்த சட்டதிட்டம். யார் பணம் போடலாம், யார் எடுக்கலாம், எப்போது எடுக்கலாம் எல்லாமே அந்த எழுத்துதான். அதற்கு சோர்ஸ் கோடு என்று பெயர். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற பெண்களின் சேமிப்புச் சங்கம் தன் மொத்தச் சேமிப்பையும் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இழை காயினுக்கு மாற்றப் போகிறது. நடுவில் ஒரு முள்.

"மாரிக்கனின்னு ஒரு பொம்பளை, சங்கத் தலைவி. கையெழுத்துப் போட மாட்டேங்கா. எழுதினவனே சரியா இருக்குன்னு சொன்னா எப்படி, உம்ம சொந்தமும் இல்லாத, உம்ம சம்பளமும் வாங்காத ஒரு ஆளு அந்தக் கோடை வாசிச்சு எங்க முன்னாடி சொல்லட்டும்ங்கா. கோடு வாசிக்கத் தெரிஞ்சவன் இந்தப் பக்கம் மூணு பேருதான். மூணு பேருல எவன் யோக்கியன்னு கண்டுபிடிச்சு எங்கிட்ட சொல்லு. உன்னை நம்பி இல்ல. இந்த ஊருல வேற துப்பறியிறவன் கிடையாது."

"நம்பாத ஆளு சொல்றதை எப்படி நம்புவீங்க?" என்றார் தங்கப்பாண்டியன்.

"காசு குடுத்தா எவன் சொல்றதையும் நம்பலாம். போயிட்டு வா."

தெருவுக்கு வந்ததும் ஷெரினின் முகம் மாறியிருந்தது. அவளுடைய அம்மா தங்கபாய் அந்தச் சங்கத்தில்தான் இருக்கிறாள். மிஷினை மிதித்து மிதித்து முழங்கால் இரண்டும் தேய்ந்து, ஆபரேஷனுக்கென்று சேர்த்த அத்தனையும் அங்கேதான் கிடக்கிறது.

"அண்ணாச்சி, இதுல தப்பு நடந்தா எங்கம்மா மாடிப்படி ஏறுறது கர்த்தர் கூப்பிடும்போதுதான்."

"அப்ப தப்பு நடக்காம பாரு," என்றார் அவர். ஆறுதல் சொல்வது அவருக்குப் பென்ஷனில் சேராத அயிட்டம்.

முதலில் தளவாய்புரம் போனார்கள். மாரிக்கனி மிஷினை நிறுத்தவில்லை. பூப்போட்ட துணி ஒரு பக்கம் போய் மறுபக்கம் நைட்டியாக வந்துகொண்டிருந்தது. அந்தத் தெருவில் அவள் தைக்கிற வேகத்தைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ஒரு தடவை கவனக்குறைவாகப் பக்கத்தில் நின்ற கரண்ட் ரீடிங் எடுக்கிறவரையும் சேர்த்துத் தைத்துவிட்டாள் என்று.

"யாரு காசுல வந்தீய?"

"காசிராஜன் காசுல," என்றார் தங்கப்பாண்டியன்.

"அப்ப அவருகிட்டயே போய்ச் சொல்லுங்க. நீங்க நல்லதுன்னாலும் நம்ப மாட்டேன், கெட்டதுன்னாலும் நம்ப மாட்டேன். நல்லதுன்னா அவன் சொல்லச் சொல்லியிருப்பான். கெட்டதுன்னா வேற எவனோ கூடக் குடுத்திருப்பான்."

"அக்கா, எங்கம்மா தங்கபாய்..."

"தெரியும். உங்கம்மா பொத்தான் ஓட்டை போடுத மூணாவது மிஷின். அவளை நம்புதேன். உன்னை எதுக்கு நம்பணும்? நகருட்டி, வெளிச்சத்தை மறைக்காதே."

பேட்டரிக் கடை மாடிக்குத் திரும்பி, தங்கப்பாண்டியன் காசிராஜன் கொடுத்த பென் டிரைவை மேஜையில் வைத்தார்.

"நீ கம்ப்யூட்டர் படிச்சவதானே?"

"மூணு வருஷம் படிச்சேன். இதுவரைக்கும் அதை வச்சுப் பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ் அடிச்சிருக்கேன்."

"போதும். ஒழுங்கா எழுதத் தெரிய வேண்டாம், கெடுக்கத் தெரிஞ்சா சரி. மூணு பிரதி எடு. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஓட்டை போடு. மூணும் வேற வேற ஓட்டை."

ஷெரினுக்குப் புரிந்துவிட்டது. மூன்று பேரையும் மூன்று அறையில் வைத்து மூன்று தட்டைப் போடப்போகிறார். ஒருவன் பிரதியில் இருக்கிற ஓட்டை இன்னொருவன் வாயிலிருந்து வந்தால், அவன் தட்டைக் கேட்டுத் திரும்பியவன் இல்லை.

முதல் பிரதியில், முதல் பக்கத்திலேயே, ஒரு வரியை வெட்டினாள். அதன்பின் போகிற வருகிறவன் எல்லாம் புதுக் காயின் அச்சடித்துக்கொள்ளலாம். இரண்டாவதில், நடுப்பக்கத்தில், நூற்றுக்கு ஒன்று என்றிருந்த கமிஷனைப் பத்துக்கு ஒன்று ஆக்கினாள். மூன்றாவதில், கடைசிக்குப் பக்கத்தில், போட்ட பணத்தை இரண்டு தடவை எடுக்கிற மாதிரி மாற்றினாள். செய்துவிட்டு, "இதுக்குப் பேரு தொழில்னா நான் அப்பவே பணக்காரி ஆயிருப்பேனே," என்றாள்.

முதல் பிரதி போனது ஜெயபாண்டிக்கு. ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறவன். கண்ணாடிக் கதவில் அவன் கற்றுத்தருகிற பாடங்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. உள்ளே மொத்தம் இரண்டு கம்ப்யூட்டர், அதில் ஒன்றின் மேல் அவன் டிபன் பாக்ஸ்.

"துப்பறியும் நிலையமா? ஏன், என் வீட்டுக்காரி அனுப்பினாளா?"

"இன்னும் இல்ல," என்றாள் ஷெரின். "வந்தா உங்களுக்குத் தள்ளுபடி உண்டு."

"வச்சுட்டுப் போம்மா. நான் பிஸி." அவள் கதவைச் சாத்தும்போது அவன் டிபன் பாக்ஸைத் திறந்தான்.

இரண்டாவது பிரதி ஸ்ரீவில்லிபுத்தூரில் பிரேம்குமாருக்கு. பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு கல்லூரியில் பேராசிரியர். கார் நிறுத்துமிடத்தில் வைத்தே பேசினார். உள்ளே கூப்பிட்டால் காப்பி கொடுக்க நேரும்.

"பிளாக்செயின் பத்தி நான் அஞ்சு மாநாட்டுல பேசியிருக்கேன். உங்க மாதிரி ஆளுங்களுக்கு எல்லாம் விளக்க முடியாது."

"பேச்சைக் கேட்டவங்க இப்ப எப்படி இருக்காங்க சார்?" என்றாள் ஷெரின். "நடக்கிறாங்களா?"

பேராசிரியர் தங்கப்பாண்டியனிடம் திரும்பினார். "உங்க ஸ்டெனோவுக்கு வாய் ஜாஸ்தி."

"ஸ்டெனோ இல்ல. பார்ட்னர்," என்றார் தங்கப்பாண்டியன். சம்பளம் கேட்கிற நாட்களில் மட்டும் அவள் பார்ட்னர் ஆவது வழக்கம். இன்று கேட்காமலே ஆனாள்.

மூன்றாவது பிரதி அதே ஊர் மடவார்வளாகத்தில் இந்துவுக்கு. பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். கதவைத் திறக்கவில்லை. மாடி ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு கண்ணாடியும் இரண்டு கண்ணும் மட்டும் தெரிந்தன.

"யாரு நீங்க? யாரு அனுப்பினது? இந்தக் கோடுதான் நாளைக்கு ஓடப்போற கோடுன்னு என்ன உத்தரவாதம்? ஒண்ணை வாசிக்கக் குடுத்துட்டு வேற ஒண்ணை ஓட விட்டா?"

தங்கப்பாண்டியன் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "நல்ல கேள்விம்மா."

"நல்ல கேள்வின்னு சொல்றவன் பதில் வச்சிருக்க மாட்டான். கூடையில போடுங்க." மேலிருந்து கயிற்றில் ஒரு தக்காளிக் கூடை இறங்கியது. "சரியா இல்லேன்னா சரியா இல்லேன்னுதான் சொல்வேன். பொறவு வந்து அழக்கூடாது. சரியா இருந்தாலும் எழுத்துல தர மாட்டேன். எங்கிட்டயிருந்து எழுதி வாங்கி, கீழே ரெண்டு வரி சேத்துக்கிட்டவங்களை எனக்குத் தெரியும்."

"இவ வாசிக்கிறதுக்கு முன்னாடியே குத்தம் கண்டுபிடிக்கா அண்ணாச்சி," என்றாள் ஷெரின்.

"கூடையில பென் டிரைவைப் போடு. தக்காளியை எடுக்காதே."

வியாழக்கிழமை காலையில் பதில்கள் வந்தன. ஜெயபாண்டியின் அறிக்கையில் தங்க நிறத்தில் ஒரு முத்திரை. கீழே ஒரே ஒரு குற்றம்: யார் வேண்டுமானாலும் புதுக் காயின் அச்சடிக்கலாம். மற்றபடி எல்லாம் பிரமாதம்.

"முதல் பக்கத்தோட நிறுத்திட்டான்," என்றாள் ஷெரின். "வாசல்ல செருப்புக் கிடக்கிறதைப் பாத்துட்டு வீடே சுத்தமா இருக்குன்னு எழுதியிருக்கான்."

பிரேம்குமாரின் அறிக்கை தடிமனாக இருந்தது. முதல் பாதியில் அவர் பேசிய மாநாடுகள். இரண்டாம் பாதியில் அவருடைய ஆழ்ந்த ஆய்வில் வெளிப்பட்ட ஒரே குற்றம்: யார் வேண்டுமானாலும் புதுக் காயின் அச்சடிக்கலாம்.

ஷெரின் இரண்டு தடவை வாசித்தாள். அந்த வரி பேராசிரியரின் பிரதியில் வெட்டப்படவே இல்லை. முழுசாக, பத்திரமாக இருக்கிறது. அவருக்கு வைத்த கமிஷன் ஓட்டையோ நடுப்பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது.

"ஜெயபாண்டிக்கு போன் போட்டு, நீ என்ன எழுதினேன்னு கேட்டிருக்காரு."

"அண்ணன் திரும்புனான், தம்பி திரும்புனான்," என்றார் தங்கப்பாண்டியன்.

மத்தியானம் இந்து போனில் வந்தாள். வணக்கம் எதுவும் இல்லை.

"ரெண்டு ஓட்டை இருக்கு. போட்ட பணத்தை ரெண்டு தடவை எடுக்கலாம். இது அமெச்சூர் வேலை. எவனோ அவசரத்துல வெட்டியிருக்கான்."

"எவனோ இல்ல. எவளோ," என்றாள் ஷெரின், கொஞ்சம் புண்பட்டு.

"யாரா இருந்தாலும் போய்ப் படிக்கச் சொல்லு. ரெண்டாவது அப்படி இல்ல. சாவி வச்சிருக்கிற முதலாளி யாரு கணக்குல இருக்கிற பணத்தையும், அவங்க தொடாமலே, தன் கணக்குக்கு எடுத்துக்கலாம். இது தவறி விழுந்த ஓட்டை கிடையாது. நிலை வச்சு, கதவு மாட்டி, கீலுக்கு எண்ணெயும் விட்டு வச்சிருக்கான்."

ஷெரின் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். மற்ற இரண்டு பிரதிகளையும் திறந்து அந்த இடத்தைப் பார்த்தாள். அதே கதவு. காசிராஜன் கொடுத்த மூலப் பிரதியைப் பார்த்தாள். அதே கதவு.

"அண்ணாச்சி, மூணு ஓட்டைதான் நான் வச்சேன். இது நாலாவது."

தங்கப்பாண்டியன் காசிராஜனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினார்.

"சார், வேலை முடிஞ்சுது. மூணு பேருல ஒருத்தருக்குத்தான் காது கேக்கு."

"அப்படியா? கேக்காத ரெண்டு பேரு யாரு, சொல்லு."

தங்கப்பாண்டியன் சற்று நேரம் கூரையைப் பார்த்தார்.

"கேக்கிறது பேராசிரியர் பிரேம்குமாருக்கு. படுயோக்கியன். வரிக்கு வரி வாசிச்சிருக்காரு, ஏதோ நாலஞ்சு கேள்வி வச்சிருக்காராம். ஜெயபாண்டி அரைகுறை, பாதி வாசிப்பான், எப்ப எதைச் சொல்லுவான்னு தெரியாது. அந்த மடவார்வளாகத்துப் பொண்ணு சுத்த மோசம். ஃபைலைத் திறக்கவே இல்ல. எல்லாம் சரியா இருக்குன்னு போன்லயே சொல்லிட்டா. காசு குடுத்தா ஞானஸ்நானச் சான்றிதழுக்கும் ஆடிட் பண்ணுவா."

"அப்படியா," என்றது போன். அதில் வருத்தம் தெரியவில்லை. "சரி வே. மத்ததை நான் பாத்துக்கிடுறேன்." வைத்துவிட்டார்.

ஷெரின் எழுந்து நின்றாள்.

"எம்புட்டு வாங்கினிய?"

"உட்காரு."

"இல்ல, சொல்லுங்க. எம்புட்டு? எங்கம்மா முழங்காலு ஒண்ணு என்ன விலை போச்சு? காப்பியடிச்சவனைப் படுயோக்கியன்னு சொல்லுதிய, வாசிச்சவளைக் காசுக்கு விழுறவன்னு சொல்லுதிய. நாளைக்கு அந்தப் பேராசிரியன் மேடையில ஏறி அஞ்சு மாநாட்டுக் கதையைச் சொல்லி முடிக்கதுக்குள்ள அம்புட்டுப் பேரு பணமும் போயிடும்."

"உனக்கு இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம். ராணுவத்துல எதிரிக்குத் துப்பாக்கியைக் குடுத்தா என்ன பண்ணுவாவ?"

"சில சமயம் மெடல் குடுப்பாவ."

அவள் ஆபீஸ் சாவியை மேஜையில் எறிந்தாள். அது துள்ளி அவருடைய டீ டம்ளரில் விழுந்தது. அவர் டீயைக் குடித்து முடித்து, சாவியை எடுத்துத் துடைத்தார். அதற்குள் அவள் படியிறங்கிப் போயிருந்தாள்.

வெள்ளிக்கிழமை தளவாய்புரத்துக் கல்யாண மண்டபத்தில் நுழைகிறபோதே பிரியாணி வாசனை. காசிராஜன் செலவு. மேடையில் ஆள் உயரத்துக்கு எல்இடி திரை, அதுவும் அவர் செலவு. மிஷின்களை நிறுத்திவிட்டு வந்த பெண்கள் மண்டபம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். மடியில் நூல் துணுக்கு, கழுத்தில் இஞ்சு டேப். கடைசி வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, தங்கப்பாண்டியன் உட்கார்ந்திருந்தார். ஷெரின் அவரைப் பார்க்காமல் தாண்டிப் போனாள்.

"அக்கா," என்று மாரிக்கனியின் கையைப் பிடித்தாள். "இப்ப ஒரு பேராசிரியர் வருவாரு. அவரு சொல்றதை நம்பிக் கையெழுத்துப் போடாதீய. அந்தக் கோடுல..."

"நீயும் அவன் காசுலதானே வந்தே? அன்னைக்கே சொன்னேன்ல. கையை விடுட்டி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கபாய் மகளின் முகத்தைப் பார்த்தாள். முழங்காலைத் தடவினாள்.

வெளியே காசிராஜனின் வெள்ளைக் கார் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து காசிராஜன் இறங்கி, தானே ஓடிவந்து பின் கதவைத் திறந்துவிட்டார். அவர் யாருக்கும் கதவு திறந்து ராஜபாளையம் பார்த்ததில்லை. ஒரு மூக்குக் கண்ணாடி இறங்கியது. அதற்குப் பின்னால் இந்து இறங்கினாள்.

ஷெரினுக்குத் தான் நிற்பது மண்டபமா மடவார்வளாகமா என்று ஒரு கணம் புரியவில்லை.

"நம்ம சொந்தம் இல்ல, நம்ம சம்பளம் வாங்கல!" என்று காசிராஜன் மைக்கில் முழங்கினார். "பெரிய பெங்களூர்க் கம்பெனி. நானே தேடிக் கண்டுபிடிச்சு, நானே கூட்டிட்டு வந்திருக்கேன். பொம்பளைங்க சங்கத்துக்கு ஒரு பொம்பளையே வந்து சொல்லட்டும்னுதான்!" கைதட்டல். ஒரு உறையை இந்துவிடம் நீட்டினார். அவரே டைப் அடித்து வைத்த நற்சான்று. "இதை வாசிச்சாப் போதும்மா. சாப்பாடு ஆறிடும்."

இந்து லேப்டாப்பை மேஜையில் வைத்தாள். மேஜை ஆடியது. உறையை நான்காக மடித்து, மேஜைக்காலுக்கு அடியில் வைத்தாள். ஆட்டம் நின்றது.

"சார், நாளைக்கு ஓடப்போற கோடு உங்ககிட்ட இருக்கா? அதையே தாங்க. வேற பிரதி வேண்டாம்."

காசிராஜன் ஒரு நொடி தயங்கினார். மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. பாக்கெட்டிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார்.

"இது ஒத்திகை," என்றாள் இந்து, பெண்களைப் பார்த்து. "நெசப் பணம் இல்ல. ஆனா கோடு நெசம், இப்ப இவரு கையால குடுத்தது. மாரிக்கனி அக்கா பேருல ஆயிரம் போடுதேன். பாருங்க." திரையில் மாரிக்கனி பெயருக்கு நேராக ஆயிரம் வந்தது. "அக்கா, நீங்க எதையும் தொடாதீங்க. போனை உள்ளே வைங்க. ரெண்டு கையையும் மடியில வைங்க."

மாரிக்கனி வைத்தாள்.

இந்து ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் ஆயிரம் இருந்த இடத்தில் பூஜ்யம்.

தையல்காரிகளுக்குக் கோடு புரியாது. பூஜ்யம் புரியும்.

"யாரு எடுத்தா?" என்றாள் மாரிக்கனி.

"முதலாளி சாவி வச்சிருக்கிறவங்க. ஒத்திகையில அது நான். நாளைக்கு..." இந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நாளைக்கு யாருன்னு கோடுல பேரே போட்டிருக்கு. கடைசிப் பக்கம்."

காசிராஜன் மேடையில் பாய்ந்தார். "பொய்! இவ எதிராளி ஆளு! எவனோ அனுப்பியிருக்கான்! யாருலே இவளை இங்க கூட்டிட்டு வந்தது?"

"உம்ம காருலதானே இறங்குனா?" என்றாள் மாரிக்கனி.

காசிராஜன் வாசலில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏசி வேற போட்டிருந்தீரு," என்றாள் தங்கபாய், இருந்த இடத்திலிருந்தே. "கண்ணாடி ஏத்தியிருந்துச்சு, பாத்தேன்."

காசிராஜன் மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளை இடித்துக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்தார். தங்கப்பாண்டியனுக்கு முன்னால் குனிந்தார். "நீ ஆபீஸ் வச்சிருக்கிற கட்டடம் யாருதுன்னு தெரியுமாலே?"

"உங்க மச்சினருது."

"நாளைக்கு உன் சாமான் தெருவுல கிடக்கும்."

"காலையிலேயே இறக்கிட்டேன்," என்றார் தங்கப்பாண்டியன். "நீங்க எப்படியும் கேட்பீங்கன்னு தெரியும்."

காசிராஜன் போனபின் ஷெரின் வந்து பக்கத்து நாற்காலியில் விழுந்தாள்.

"எப்படித் தெரியும்?" என்றாள்.

"யோக்கியனைத் தேடுதவனுக்கு ஒருத்தன் கிடைச்சுட்டான்னு சொன்னா, அவன் பேரு என்ன, எப்ப வருவான்னு கேப்பான். இவரு, மத்த ரெண்டு பேரு யாருன்னு கேட்டாரு. அவருக்கு வேண்டியது அந்த ரெண்டு பேரு. நம்மளை வேலைக்கு வச்சது யோக்கியனைக் கூட்டிட்டு வரதுக்கு இல்ல. ஒதுக்கிவைக்கதுக்கு."

"நாமளே நேரா வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னைக்கு மாரிக்கனி என்ன சொன்னா? கெட்டதுன்னாலும் நம்ப மாட்டேன்னா. நாம கூட்டிட்டு வந்தா இந்து நம்ம ஆளு. அவரு கூட்டிட்டு வந்தா அவரு ஆளு. அதான் அவளுக்குப் போன் போட்டு, எவன் கார் அனுப்பினாலும் ஏறு, மேடைக்குப் போறவரைக்கும் வாயைத் திறக்காதேன்னேன். ஏசி கார்னாத்தான் வருவேன்னா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"நீ உங்கம்மாகிட்ட சொல்லுவே. உங்கம்மா ரெண்டாவது மிஷின்கிட்ட சொல்லுவா. சாயங்காலத்துக்குள்ள காசிராஜன் வீட்டு நாய்க்குத் தெரிஞ்சிருக்கும்."

அவள் மறுக்கவில்லை. "ஆபீஸ் இல்லாம இனி எங்க உக்கார?"

"இப்ப உக்காந்திருக்கியே."

மேடைக்கு ஏறி, கார் வந்த கதையை இந்துவிடம் கேட்டு முடித்த மாரிக்கனி பேனாவை மூடி ஜாக்கெட்டில் செருகினாள். பெண்கள் எழுந்து பேசத் தொடங்கியிருந்தார்கள். சிலர் பிரியாணி பக்கம், சிலர் வாசல் பக்கம். இந்து லேப்டாப்பை மூடப் போனாள்.

"எங்கே கிளம்புத?" என்றாள் மாரிக்கனி.

"முடிஞ்சுதே அக்கா. ஓட்டையைக் காட்டிட்டேன்ல."

"நீ காட்டுனது ஒரு ஓட்டை. இனி நாளைக்கு இன்னொருத்தன் இன்னொரு காயினோட வருவான், அவனும் ஒரு பொண்ணைக் கார்ல கூட்டிட்டு வருவான். இந்தக் காசிராஜன் பொய் சொல்லுதான், இந்தா அங்க பின்னால உக்காந்திருக்காரே அவரும் பொய் சொல்லித்தான் உன்னை இங்க வரவச்சிருக்காரு. உன்னையும் எனக்குத் தெரியாது தாயி. நம்ப மாட்டேன்." நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். "ஆனா நம்பாமலே கேட்டுப் படிக்கலாம்ல? ஏட்டி தங்கபாய், வாசல்ல போறவளுகளைக் கூப்பிடு. சோறு எங்கயும் போகாது. நீ முதல் வரியிலயிருந்து வாசி. ஒவ்வொரு வரிக்கும் என்ன அர்த்தம்னு சொல்லு. புரியாத இடத்துல நிறுத்தச் சொல்லுவோம்."

இந்து மண்டபத்தைப் பார்த்தாள். பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்து, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, லேப்டாப்பைத் திறந்தாள்.

"முதல் வரி," என்றாள்.

"நிறுத்து," என்றாள் தங்கபாய். "எழுத்தைப் பெருசாக்கு."